யாரும் கேட்காத பதினேழாம் நம்பர்

மதுரையில் பொம்மை மொத்த வியாபாரி சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். கிரிக்கெட் படச்சீட்டு மூட்டை வந்ததும் பேர்பெற்ற ஆட்டக்காரர்களைப் பொறுக்கித் தனியாக விற்றுவிடுவார். மிச்சம் குடோனில் கிடக்கும்.

"அந்த மிச்சத்தைக் கொடுங்க அண்ணாச்சி, நான் வித்துப் பாக்குறேன்" என்றாள் கடை கூட்டும் பேச்சியம்மா.

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "பேர் தெரியாத பயலுக படத்தை எவன் வாங்குவான்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மூட்டையை வித்துட்டா என் கடை வாசல்ல நீ கடை போட்டுக்க. விக்கலைன்னா வேலைக்கு வராத."

பேச்சியம்மா சீட்டுகளை அவற்றில் அச்சடித்திருந்த நம்பர் வாரியாகப் பிரித்தாள். பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து ஓர் அட்டை மாட்டினாள்: "ஆல்பத்தில் எந்த நம்பர் காலி? இங்கே கிடைக்கும்."

ஊர்ப் பிள்ளைகள் நம்பர் பார்த்துச் சீட்டு ஒட்டும் ஆல்பங்களில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். மற்ற கட்டங்கள்தான் காலி. பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூட்டையின் அடி தெரிந்தபோது, தன் மகள் கையைப் பிடித்து இழுக்க, அண்ணாச்சியே வந்து நின்றார்.

"பதினேழாம் நம்பர் எங்கயும் கிடைக்கலைன்னு புள்ள ஒரே அழுகை. சட்டுனு எடு."

"இத்தனை நாளா உங்க குடோன்லதான் கெடந்தாரு, அண்ணாச்சி. வரிசையில வாங்க. கால் வலிச்சா, நாளைக்கு என் கடைக்கு வாங்க. உங்க வாசல்தான்."