குதிர் உனக்கு, நெல் அரண்மனைக்கு

தலையில் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு ராஜவீதியில் ஓடினான் அரசவை விகடகவி சடையாண்டி. பின்னால் மூச்சிரைக்க வீராயி.

"மெதுவாப் போங்க சாமி! கட்டில் கால் ஒடிஞ்சிரும்!"

"உச்சி முரசு அடிச்சா உன் விதைநெல்லைக் களஞ்சியத்துல கொட்டிருவாங்க. அப்புறம் ராஜாவே நினைச்சாலும் உன் நெல்லைப் பொறுக்கி எடுக்க முடியாது. ஓடி வா!"

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். ராஜாவுக்குப் பொழுது போகாவிட்டால் குடிமக்களுக்குப் பொழுது விடியாத காலம் அது.

அந்த ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை. குடியானவர்கள் சாகுமுன் எழுதிவைக்கும் ஓலைகளைச் சபையில் படிக்கச் சொல்லிக் கேட்பார். "அகப்பையைக்கூட விடாமல் எழுதுகிறானே!" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அரண்மனை ஓலைகளை எல்லாம் கவனிக்கும் ஓலைநாயகம் வன்மீகநாதர் அந்தச் சிரிப்பில் புகுந்தார். "அரசே, வேண்டியதை எல்லாம் எழுதிவிடுகிறார்கள். எழுதாதது அவர்களுக்கு வேண்டாதது. அது அரண்மனைக்கு ஆகட்டுமே!"

"பேஷ்! அப்படியே ஆணை போடும். வசூலும் உமது பொறுப்பு" என்றார் ராஜா.

கிராமத்தில் குதிர் என்று எழுதினால் அதில் கொட்டிவைத்த நெல்லோடு சேர்த்துத்தான் அர்த்தம். எவனும் பிரித்து எழுத மாட்டான். வன்மீகநாதருக்கு அது நன்றாகத் தெரியும்.

வீராயியின் புருஷன் மொக்கையனும் அப்படித்தான் எழுதிவிட்டுச் செத்தான். 'குதிரும் கயிற்றுக் கட்டிலும் பெண்டாட்டிக்கு. ஆட்டுக்கல் மூத்தவளுக்கு. தவலை இளையவளுக்கு.' சேவகர்கள் வந்தார்கள். குதிரில் இருந்த விதைநெல்லை அள்ளி வண்டியில் ஏற்றினார்கள். "குதிர் உனக்கு, நெல் அரண்மனைக்கு" என்று காலிக் குதிரின் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். மழை பெய்து நிலம் ஈரமாகக் கிடந்தது. இப்போது விதைக்காவிட்டால் அடுத்த வருஷம் அடுப்பு எரியாது.

கட்டிலோடு சபைக்குள் நுழைந்தவனைப் பார்த்ததும் வன்மீகநாதர் எழுந்தார்.

"விகடகவி ஆணையை மறுக்க வந்திருக்கிறார் போலும். மறுப்பவனுக்கு நாடு கடத்தல், நினைவிருக்கட்டும்."

"மறுப்பதா? நிறைவேற்ற வந்திருக்கிறேன்" என்று சடையாண்டி கட்டிலை நடுச்சபையில் இறக்கினான். "மகாராஜா, கட்டில் ஓலையில் இருக்கிறது. கட்டிலில் குடியிருப்பவை ஓலையில் இல்லை. ஆகவே அவை அரண்மனைச் சொத்து."

கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினான். பொலபொலவென்று மூட்டைப்பூச்சிகள்! ஒவ்வொன்றும் துவரம்பருப்புக் கனம்.

"என்னது, எங்க கட்டில்லயா..." என்று வீராயி வாயைத் திறந்தாள். சடையாண்டி கண்ணைக் காட்டினான். மூடிக்கொண்டாள்.

"சீச்சீ! இதை எவன் கேட்டான்? வெளியே கொண்டு போ!" என்று துள்ளினார் வன்மீகநாதர்.

"அரண்மனைச் சொத்தை வெளியே கொண்டு போனால் அது திருட்டு, ஐயா."

"அப்படியானால் நசுக்கிக் கொல்!"

"அரண்மனைச் சொத்தை அழித்தால் அது துரோகம். நீங்களே இப்படிப் பேசலாமா? பாவம், பசியோடு இருக்கின்றன. வசூலுக்குப் பொறுப்பான தாங்கள்தான் தீனியும் போடவேண்டும். கொஞ்சம் கட்டிலில் படுங்கள்."

ராஜாவின் மீசை துடித்தது. "நியாயம்தானே? படும், ஓலைநாயகம்."

வன்மீகநாதர் படுத்தார். கொஞ்ச நேரம் ராஜ விசுவாசத்தில் அசையாமல் கிடந்தார். பிறகு இடுப்பைச் சொறிந்தார், முதுகைத் தேய்த்தார், புழுவாய் நெளிந்தார்.

"ஐயோ மகாராஜா! கட்டில் யாருக்கோ, அதில் இருப்பதும் அவருக்கே போகட்டும்! அரண்மனைக்கு வேண்டாம்!"

"ஆஹா!" என்றான் சடையாண்டி. "அப்படியானால் குதிர் யாருக்கோ, அதில் இருந்ததும் அவருக்குத்தானே?"

முற்றத்தில் உச்சி முரசு முழங்கியது. ராஜா சிம்மாசனத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"நிறுத்துங்கள் வண்டியை! நெல் வீராயிக்கு. ஆணை ரத்து. சடையாண்டி, இந்தா!" என்று முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

வீராயி கும்பிட்டாள். போகத் திரும்பியவள், மனசு கேட்காமல் நின்றாள்.

"ராசா, நெல்லு கிடைச்சது போதும். ஆனா ஒண்ணு சொல்லாமப் போனா எனக்குச் சோறு இறங்காது. வாராவாரம் வெந்நீர் ஊத்திக் காயப்போடுற கட்டில் இது. எங்க வீட்ல மூட்டைப்பூச்சி கிடையாது!"

ராஜா புருவத்தை உயர்த்தினார்.

"சடையாண்டி, அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன?"

சடையாண்டி முத்துமாலையை மடியில் பத்திரமாகச் செருகினான். வாசல் பக்கம் இரண்டடி நகர்ந்துகொண்டான்.

"கவலை வேண்டாம் மகாராஜா. இவை முன்பிருந்தே அரண்மனைச் சொத்துதான். இன்று காலை, தாங்கள் வருமுன், தங்கள் சிம்மாசனத்து மெத்தையில் பிடித்தேன்."