விருந்தாளிக்கு வாங்கிய இருக்கை

ஏரிக்கரைப் புளியமரப் பொந்தில் குருந்தன் என்ற அணிலும் அவன் மனைவி அலரியும் குடியிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று குட்டிகள். பிறந்து நான்கு நாள்தான் ஆகிறது. கண் திறக்கவில்லை, உடம்பில் ஒரு முடிகூட முளைக்கவில்லை.

பொந்து ரொம்பச் சின்னது. ஒரு சாமான் வைத்தால் இன்னொன்றுக்கு இடமிருக்காது. வாசல் ஏரியைப் பார்த்து இருந்ததால் மழை பெய்தால் சாரல் நேரே உள்ளே வரும். ஐப்பசியோ நெருங்கிவிட்டது. குட்டிகள் நனையாமல் படுக்க ஏதாவது வாங்கியே ஆகவேண்டும்.

அலரி குட்டிகளைத் தேக்கிலையால் மூடிவிட்டு, கணவனோடு மரங்கொத்தி ஆசாரியின் பட்டறைக்குக் கிளம்பினாள். பட்டுப்போன பலாமரம் ஒன்றில் அவர் தொழில் செய்துவந்தார். அன்று அவரிடம் இரண்டே சாமான்கள் இருந்தன.

ஒன்று பெட்டிக் கட்டில். நாலு பக்கமும் உயரமாகப் பலகை அடித்து, மேலே மூடி போட்டு, உள்ளே தேங்காய் நார் திணித்திருந்தது. இழைக்காத பலகை. பார்க்கச் சகிக்காது.

இன்னொன்று சாய்விருக்கை. கால்களில் கொடி செதுக்கி, முதுகில் வரிசையாகக் குன்றிமணி பதித்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியிருந்தது. குருந்தன் அதன் முன்னால் நின்றவன் நகரவே இல்லை.

"ஏங்க, பெட்டியைப் பாருங்க. பிள்ளைங்க கதகதன்னு கிடக்கும்" என்றாள் அலரி.

"அதை வீட்டுல வெச்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? ஏதோ கூடையைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு."

ஆசாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தம்பி, எனக்கு எதை வாங்கினாலும் ஒண்ணுதான். எறும்புக்கூடு இருக்கிற கிளையைக் காட்டிவிட்டாப் போதும், அதுவே கூலி. ஆனா கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா நான் பெட்டியைத்தான் சொல்லுவேன்."

குருந்தன் காதில் அது ஏறவில்லை. அவன் மனத்தில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. போன மாதம் அண்ணன் மருதனும் அண்ணி நாவலும் வந்திருந்தார்கள். "உட்காரக்கூட ஓர் இடமில்லையே" என்று சிரித்துவிட்டுப் போனாள் அண்ணி. அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பௌர்ணமிக்குப் பேர் வைக்க அண்ணன் குடும்பமே வருது அலரி. இந்தத் தடவையும் அவங்களை நிக்க வைக்கச் சொல்றியா?"

 அலரி இருக்கையின் கொடிச்செதுக்கை மெல்லத் தடவிப் பார்த்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது, அந்த அண்ணியின் சிரிப்பு அவளையும் சுட்டிருந்தது. "அழகாத்தான் இருக்கு" என்றாள். அதோடு பெட்டியின் கதை முடிந்தது.

இருக்கை வீட்டுக்கு வந்தது. குட்டிகள் ஓரத்துக்குப் போயின. வெறும் மரத்தரையில் அவற்றைப் போட்டு, அதே தேக்கிலையால் போர்த்தினார்கள்.

ஒரு நாள் அலரிக்கே மனசு கேட்கவில்லை. "பிள்ளைங்களை இதுமேல படுக்க வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஈரம் பண்ணிடுமே! வர்றவங்க பார்க்கிறதுக்கு முன்னாடியே பாழாக்கணுமா? ரெண்டு நாள் பொறு."

அவளும் சரி என்றாள். அந்த வீட்டில் அதன்மேல் யாரும் உட்காரவில்லை, வாங்கியவன்கூட உட்காரவில்லை. காலையில் எழுந்ததும் இருவரும் வாலால் அதைத் துடைப்பார்கள். பிறகுதான் குட்டிகளைப் பார்ப்பார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

பௌர்ணமிக்கு முந்தின நாள் விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஏரியிலிருந்து காற்று அறைந்தது. சாரல் உள்ளே பாய்ந்தது.

"அலரி, மெருகு போயிடும்! மூட ஏதாவது எடு!" என்று கத்தினான் குருந்தன்.

மூடுவதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு தேக்கிலை. அது குட்டிகளின் மேல் இருந்தது. அலரி ஒரு கணம் தயங்கினாள். "இப்போ விட்டுரும், கொஞ்ச நேரம்தான்" என்றான் அவன். அவள் இலையை உருவிக் கொடுத்தாள்.

காற்று இலையைப் பிடுங்கப் பார்த்தது. இவன் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். கையை எடுத்தால் இலை பறந்துவிடும். ஆகவே இருவரும் அப்படியே நின்றார்கள். மழை விடவில்லை.

ஓரத்திலிருந்து குட்டிகள் கீச்சுக்கீச்சென்று அழுதன.

"இதோ வந்துட்டேன் கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாள் அலரி. கையை எடுக்கவில்லை.

உச்சிப்பொழுதில் அழுகை குறைந்தது. பிறகு சத்தமே இல்லை.

"தூங்கிட்டாங்க" என்றான் குருந்தன். அலரி அதை நம்பினாள். நம்பவே விரும்பினாள்.

மாலையில் மழை விட்டது. இலையை விலக்கினார்கள். இருக்கைமேல் ஒரு துளி ஈரம் இல்லை. குன்றிமணிகள் பளபளத்தன. அலரி ஓடிப்போய்க் குட்டிகளைத் தூக்கினாள். தரையில் தேங்கிய நீரில் மூன்றும் விறைத்துக் கிடந்தன. நெஞ்சோடு அணைத்தாள், நக்கினாள், பேர் வைக்காத பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஓலமிட்டாள். ஒன்றுகூட அசையவில்லை.

மறுநாள் மருதனும் நாவலும் சொன்னபடி வந்தார்கள். பேர் வைக்க வந்தவர்கள் துக்கம் கேட்டார்கள். தரையெல்லாம் ஈரமாக இருந்ததால், காய்ந்திருந்த ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

 நாவல் இருக்கையின் கொடிச்செதுக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். "இது புதுசா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குருந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களுக்காகத்தான் வாங்கினோம் அக்கா" என்றாள் அலரி.

வருகிறவர் மெச்சவேண்டும் என்று வீட்டை நிரப்புகிறவர், அந்த வீட்டில் வாழவேண்டியவர்களை இழந்துவிடுவார்.