நாலாவது கட்டி

“என் கை குருடாயிடுச்சு, மேடம்” என்றார் அருமைராஜ்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாக வயிற்றைத் திறந்து, கையை விட்டுக் கர்ப்பப்பைக் கட்டிகளை எடுத்தவர். இப்போது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவையும் நீளக் கருவிகளையும் விட்டு, திரையைப் பார்த்தபடி எடுக்கக் கற்க வந்திருந்தார். சொல்லித்தருபவர் ஃபௌசியா. அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

“வலப்பக்கம் தள்ளினா கருவி இடப்பக்கம் போகுது. தொட்டா ஒண்ணும் தெரியல. நான் செய்யறேனா, இல்ல யாரோ செய்யறதைப் பாத்துட்டு நிக்கறேனா?”

ஃபௌசியா பயிற்சிப் பெட்டிக்குள் ஒரு சாத்துக்குடியை வைத்தார்.

“தோல் உரிங்க, சார்.”

நாற்பது சாத்துக்குடி உரித்தார். கேள்வி அப்படியே இருந்தது.

அப்போதுதான் சந்தனமாரி வந்தாள். உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். கர்ப்பப்பையில் நான்கு கட்டிகள். புற்று இல்லை, ஆனால் மாதாமாதம் ரத்தம் கொட்டியது.

“வயித்தைக் கீறாம எடுத்துருவியளா, சார்? கீறுனா மூணு மாசம் சொமை தூக்கக் கூடாதாம்ல. அதுக்குள்ள என் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாவ.”

“கீற மாட்டேம்மா.”

யாரை நம்பிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

அறுவை நாளன்று மேசையின் தலைப்பக்கத்தை இறக்கச் சொன்னதும் அருமைராஜ்தான். அப்போதுதான் குடல் சரிந்து விலகி, கர்ப்பப்பை கண்ணுக்குத் தெரியும். கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, வயிற்றுக்குள்ளேயே ஓரமாக வைத்தார்.

“எடுத்ததை உள்ளேயே ஒரு நூல்ல கோத்து வைங்க, சார்” என்றார் ஃபௌசியா.

“நாலே நாலுதானே மேடம்.”

கோக்காமலே கர்ப்பப்பையைத் தைக்கத் தொடங்கினார்.

தையல் முடிந்தது. கட்டிகளை வெளியே எடுப்பதற்கான பையை உள்ளே விட்டு, அவற்றைத் திரட்டினார். எலுமிச்சை அளவில் இரண்டு. நெல்லிக்காய் அளவில் ஒன்று.

கொண்டைக்கடலை அளவில் இருந்த நாலாவதைக் காணோம்.

விட்டுவிட்டு வரவும் முடியாது. உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டு மறுபடி வளரக்கூடும்.

கர்ப்பப்பைக்குப் பின்னால் தேடினார். சினைப்பைகளின் அடியில் தேடினார். எடுத்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார். திரையில் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பதும் மறந்துபோயிற்று.

அரை மணி நேரம் ஆனது.

“என்ன அண்ணாச்சி, உள்ள குடியேறிட்டீங்களா?” என்றார் தலைமாட்டில் இருந்த, மயக்க மருந்து கொடுக்கும் நெல்லையப்பன்.

அருமைராஜ் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“திறந்துடலாம், மேடம். கையை விட்டா ரெண்டு நிமிஷம்.”

“அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?”

“தெரியும். ஆனா தேடறதுக்கு வேற இடம் இல்லையே!”

“முடிவு உங்களோடது, சார்.”

அருமைராஜ் கையை நீட்டினார். நர்ஸ் கத்தியை வைத்தார். இருபத்தாறு வருடமாகப் பழகிய கனம். அந்தக் கைக்கு இப்போதுதான் கண் வந்ததுபோல் இருந்தது. அதுவே அவரைப் பயமுறுத்தியது.

ஃபௌசியா தட்டிலிருந்து சுருட்டிய கட்டுத்துணி ஒன்றை எடுத்தார். சந்தனமாரியின் வயிற்றை மூடியிருந்த துணிமேல், தொப்புளுக்குச் சற்று மேலே வைத்தார்.

விரலை எடுத்தார்.

சுருள் உருண்டது. மார்பைத் தாண்டித் தலைப்பக்கம் ஓடி, திரைச்சீலையில் முட்டி நின்றது.

“என் பக்கம் எதுக்கு எறியறீங்க?” என்றார் நெல்லையப்பன்.

அருமைராஜ் சுருளைப் பார்த்தார். சரிந்திருந்த மேசையைப் பார்த்தார். கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

“கேமராவை மேலே கொண்டுபோங்க. ஈரலுக்கு.”

ஈரலின் விளிம்பையொட்டி வெள்ளையாக, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது நாலாவது கட்டி.

கைகழுவும் இடத்தில் இருவரும் அருகருகே நின்று குழாயைத் திறந்தார்கள்.

“நீங்க இப்படித் தொலைச்சது உண்டா, மேடம்?”

“ஒரு தடவை.”

“எங்கே தேடினீங்க?”

“எடுத்த இடத்துல.”

“எவ்வளவு நேரம்?”

ஃபௌசியா குழாயை மூடினார்.

“வயித்தைத் திறக்கற வரைக்கும்.”