பவளாயிகள் ஏறிய பரிசல்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டலாம் என்று எந்த ராஜாவுக்கும் தோன்றாத காலம். மலைநாட்டு ராஜ்ஜியம் ஒன்றில் பவளாயி என்று ஒருத்தி பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தாள். கை துடுப்புப் போடும், வாய் சும்மா இருக்காது. வெயில் அடித்தால் வெயிலைத் திட்டுவாள். மழை பெய்தால் மழையைத் திட்டுவாள். இரண்டும் இல்லாவிட்டால் புருஷன் மாரப்பனைத் திட்டுவாள். வாய் ஓய்ந்த நேரத்தில் மனசுக்குள் அதே கச்சேரி நடக்கும்.

ஒருநாள் உச்சிவெயிலில் ஒரு மந்திரவாதி வந்து ஏறினான். ஏறியவன் சும்மா உட்கார்ந்தானா? இந்தப் பக்கம் சாய்ந்தான், அந்தப் பக்கம் சாய்ந்தான், காலைத் தண்ணீரில் விட்டு ஆட்டினான்.

"யோவ் சாமி, கவுத்துப்புடாதே! இந்த ஆத்துல நான் இல்லாட்டி ஒருத்தரும் அக்கரை பாக்க முடியாது, தெரியுமா? நான் ஒருத்தியா எத்தனை பேரைத்தான் சுமக்கிறது? நான்..."

"நான், நான், நான்! காது புளிச்சுப் போச்சு" என்றான் மந்திரவாதி. "உனக்குள்ள இத்தனை பேரு கத்துறாங்களே, எல்லாரும் வெளியே வந்து கத்தட்டும். நிஜப் பவளாயி யாருங்கற தகராறு என்னிக்குத் தீருதோ, அன்னிக்கு இந்த மாயமும் தீரும்."

துடுப்பை ஒரு தட்டுத் தட்டினான். அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

'நான் இன்னும் எத்தனை பைத்தியத்தைத்தான் பார்க்கிறது!' என்று பவளாயி நினைத்தாளோ இல்லையோ, பொத்தென்று பரிசலுக்குள் ஒருத்தி வந்து விழுந்தாள். அதே சேலை, அதே மூக்குத்தி, அதே சிடுசிடுத்த முகம்.

"நான்தான் நிஜப் பவளாயி!" என்றாள் வந்தவள்.

'ஐயோ, எனக்குப் பயமா இருக்கே' என்று நினைத்தாள் பவளாயி. பொத்! நடுங்கிக்கொண்டே இன்னொருத்தி. "நான்தான் நிஜப் பவளாயி!"

'என்கிட்டயா இந்த வேலை, நான் யாருன்னு காட்டுறேன்' என்று நினைத்தாள். பொத்! இடுப்பில் கையை வைத்தபடி மூன்றாமவள். "நான்தான் நிஜப் பவளாயி!"

பொழுது சாய்வதற்குள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பவளாயி விளக்குமாற்றை எடுத்து எல்லோரையும் விரட்டினாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோபம், ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு பவளாயி. சரி, நயமாகப் பேசி அனுப்பலாம் என்று களி கிண்டி எல்லோருக்கும் பரிமாறினாள். 'என்னை மாதிரிப் பொறுமைசாலி உண்டா' என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பும் பொத்தென்று குதித்து, தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

கடைசியில் மாரப்பனைப் பிடித்தாள். "ஏனுங்க, கட்டின பொண்டாட்டிய உங்களுக்கே தெரியாதா? நான்தான்னு இவளுங்ககிட்டச் சொல்லுங்க!"

மாரப்பன் யோசித்தான். "கல்யாணத்தன்னிக்கு எங்கிட்ட மொதமொதல்ல என்ன சொன்னே?"

"'என் காலை மிதிக்காதீங்க'ன்னு!" என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில்.

மாரப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஒருத்தி திட்டினாலே தாங்காது. இங்க ஒரு ஊரே திட்டுது" என்று துண்டை உதறித் தோளில் போட்டான். பாறை பாறையாகத் தாண்டி ஆற்றின் நடுவே இருந்த திட்டுக்குப் போய், அங்கேயே படுத்துக்கொண்டான்.

மறுநாள் மலையில் பேய்மழை. செந்நிறமாய் வெள்ளம் இறங்கியது. தாண்டிப் போன பாறைகள் மூழ்கின, திட்டும் மூழ்கத் தொடங்கியது. மாரப்பன் ஒரு மருதமரத்தைக் கட்டிக்கொண்டு கத்துவது கரையில் கேட்டது.

பவளாயி பரிசலைத் தள்ளினாள். பின்னாலேயே எல்லாப் பவளாயிகளும் முண்டியடித்து ஏறினார்கள்.

"நான்தான் போடுவேன்!" "துடுப்பை என்கிட்டக் குடுடி!" "ஐயோ, முழுகப்போறோம்!"

ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நடு ஆற்றில் பரிசல் ராட்டினம் மாதிரிச் சுற்றியது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. பவளாயியும் இழுத்தாள், திட்டினாள், கெஞ்சினாள். ஒன்றும் ஆகவில்லை. பவளாயிக்கு வந்த சலிப்பு, பிறந்ததிலிருந்து அதுபோல வந்ததில்லை.

"சீ, போங்கடி! நீங்களே நிஜமா இருந்துட்டுப் போங்க. எனக்கு வேண்டாம் அந்தப் பட்டம்."

சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ஒருத்தி பயப்படுகிறாள். சரி, பயப்படுகிறாள். பார்த்துக்கொண்டே இருக்க, அந்தப் பயந்தாங்கொள்ளி ஆவியாக மெலிந்து மழையோடு கலந்தாள். ஒருத்தி திட்டுகிறாள். சரி, திட்டுகிறாள். அவளும் மறைந்தாள். ஒவ்வொருத்தியாகப் போகப் போகப் பரிசல் மேலெழும்பியது.

எல்லோரும் போன பிறகு, எதிரே புதிதாக ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அத்தனை அமைதி. "பாத்தியா? நான் பாத்த பார்வையிலதான் அத்தனை பேரும் ஓடினாளுங்க. நான்தான் நிஜப் பவளாயி."

பவளாயி அவளையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அடியே, நீயுமா!"

அவளும் போய்விட்டாள்.

அப்புறம் மழை இருந்தது, ஆறு இருந்தது, துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் இருந்தது. தகராறு பண்ண யாரும் இல்லை, ஜெயிக்கவும் யாரும் இல்லை. ஆறு எங்கே சுழித்ததோ அங்கே கை தானாக வளைந்து கொடுத்தது. பரிசல் நேராகப் போய் மருதமரத்தில் முட்டி நின்றது.

கழுத்தளவு தண்ணீரில் மாரப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். "எத்தனை பேரு வந்திருக்கீங்க?"

"பரிசல் வந்திருக்குங்க. ஏறுங்க."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். "மத்தவளுங்க எங்கே? கடைசியில எவதான் ஜெயிச்சா?"

"யாரும் ஜெயிக்கலீங்க. கையைக் குடுங்க, தண்ணி ஏறுது."

அன்றோடு மாயம் தீர்ந்தது. பவளாயி ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மழையை இன்னமும் திட்டத்தான் செய்தாள். திட்டும்போதே, 'இதோ திட்டுறாளே' என்று பாதியில் சிரித்தும்விடுவாள். மாரப்பன் நிம்மதியாகக் களி தின்றான். அக்கரை போக வேண்டியவர்கள் அக்கரை போனார்கள், இக்கரை வர வேண்டியவர்கள் இக்கரை வந்தார்கள். கதையும் கரை வந்து சேர்ந்தது. பரிசலை ஆட்டாமல் மெதுவாக இறங்குங்கள்.