எருமைக்கு வயலின் வாசித்த அணில்

அல்லிக்குளத்துக் கரையில் விலங்குகளுக்கென்று ஓர் இசைக் கல்லூரி இருந்தது. அங்கே நாலு வருஷமாக வயலின் படித்துவந்தது சிட்டிகை என்ற அணில். கையில் கொட்டாங்கச்சி வயலின். வேகமோ வேகம்! மற்றவர்கள் ஒரு சுரம் வாசிப்பதற்குள் சிட்டிகை ஒன்பது வாசித்துவிட்டு, வாலையும் ஒரு தடவை கோதிக்கொள்ளும்.

கடைசித் தேர்வு வந்தது. ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் மழைக்காலக் கச்சேரிகளில் வேலை. தவறினால் இன்னொரு வருஷம் ‘சரிகமபதநி’!

யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். கூட வயலின் படித்த குரங்குக்குக் குயில் வந்தது. சிட்டிகைக்கு எருமை வந்தது!

“ஹி ஹி ஹி! குடை எடுத்துட்டுப் போ! அசைபோட்டா தெறிக்கும்!” என்றது குரங்கு.

மந்தாரை என்ற அந்த எருமை தலையைக் குனிந்துகொண்டது. “கோவிச்சுக்காத கண்ணு... பாடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனா பாதியில வரி மறந்துபோயிடும்...”

“கவலப்படாதீங்கக்கா! நீங்க நிறுத்துற இடத்துல நான் பூந்து வெளுத்துடறேன்!”

தேர்வன்று காடே கரையில் கூடியது. கல்லூரி முதல்வர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி மார்க் போட்டது. குயில் மூச்சு வாங்கப் போன இடத்திலெல்லாம் குரங்கு குதித்துக் குதித்து வாசித்தது. ஒரே கைதட்டல்!

“எண்பத்தஞ்சு!” என்றது கொக்கு. குயிலின் முகம்தான் கொஞ்சம் சுண்டிப்போயிருந்தது.

அடுத்து மந்தாரை. “ம்ம்மா...” என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. வாய் அசைபோட்டது, வரி வரவில்லை.

“இதான் சமயம்! விளாசு!” என்று கத்தியது குரங்கு.

சிட்டிகைக்கு விரல் துடித்தது. வில்லைத் தூக்கியது. ஓரக்கண்ணால் பார்த்தது. மந்தாரையின் பெரிய கண்களில் தண்ணீர் முட்டி நின்றது. ஒரு கால் ஏற்கனவே குளத்துப் பக்கம் திரும்பிவிட்டது!

சிட்டிகை வேகத்தை விழுங்கிக்கொண்டது. மறந்துபோன வரியை மட்டும் மெல்ல வாசித்தது. ம்ஹும். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை மந்தாரையின் காது விடைத்தது. வரியைப் பிடித்துக்கொண்டு, குளம் அதிரப் பாடி முடித்தது!

“எருமையா இது! எருமையா!” என்று காடே கூத்தாடியது. அணிலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ வாசிச்சியா என்ன? என் காதுல விழவே இல்லையே!” என்றது கொக்கு. “இருபது மார்க். அடுத்த வருஷம் பார்க்கலாம்!”

சிட்டிகை வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

‘தொப்’பென்று வந்து குதித்தார் தவளை வித்வான். “க்ரக்! மழைக்காலம் முழுக்க எனக்கு இந்தப் பொண்ணுதான் வாசிக்கணும்! மறந்த வரி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாடறவனுக்குத்தானே தெரியும்!”

“தள்ளுங்க தவளையண்ணே, நான் முதல்ல!” என்றது குயில். “இன்னிக்கு எனக்கு மூச்சுவிடக்கூட இடமில்லாம போச்சு!”

மைனா வந்தது, சில்வண்டு வந்தது. வரிசை ஆலமரம் வரை நீண்டது. அதன் கடைசியில் மந்தாரை. “நானும் நிக்கலாமா கண்ணு?”

“நீங்க எதுக்கு நிக்கிறீங்கக்கா? உங்க கச்சேரிதான் முதல்ல!”

கொக்கு அவசரமாகக் காலை மாற்றி நின்றது. “நான் போட்டது நூத்தியிருபதும்மா! நூறு மட்டும் நகத்துல ஒட்டிக்கிச்சு!”

பக்கத்தில் இருப்பவரைப் பாடவைக்கிறவரைத்தான் எல்லோரும் தம் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்புவார்கள்.