ஒன்பது பாட்டில் பால்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் தாடி சீடனுக்குத்தான்.

குரு மரியபுஷ்பம். முப்பத்தொரு வயசு, தென்காசியில் பிரிட்ஜ் மெக்கானிக். சீடன் சங்கிலி. ஐம்பத்திரண்டு வயசு, நூல் மில்லை மூடியதும் தொழில் பழக வந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார்.

போன மாதம் ஒரு வீட்டில், பிரீசரில் ஒட்டிக் கிடந்த ஐஸை அவர் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளியால் நெம்பினார். உள்தகடு ஓட்டையாகி, உஸ்ஸென்று கேஸ் முழுக்கப் போய்விட்டது. அந்த பிரிட்ஜின் கதை அன்றோடு முடிந்தது. மரியபுஷ்பம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து அவர் கைக்கு வாளியும் துணியும்தான் வந்தன.

மனுஷன் தினமும் கேட்பார்.

"மாஸ்டர், எப்பம் எங்கையில திருப்புளி குடுப்பிய?"

"பாப்போம் அண்ணாச்சி."

அன்றைக்குப் பதினோரு மணிக்கு வேல்மயில் என்பவன் வீட்டுக்குப் போனார்கள். படியேறும்போதே அவன் கத்தினான்.

"சீக்கிரம் வாங்கக்கா! பிரிட்ஜு கூலாகல. உள்ள எம்பிள்ளைக்குப் பால் இருக்கு!"

எட்டு மாதத்தில் பிறந்த குழந்தை. ஒன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தாய்க்குக் காய்ச்சல். மருந்து ஏறுவதால் இரண்டு நாளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்ச்சலுக்கு முன்னால் அவள் எடுத்து வைத்த ஒன்பது சின்ன பாட்டில்தான் மிச்சம்.

"பவுடர் பால் அதுக்கு ஒத்துக்கிடலக்கா. வயிறு ஊதிப் போச்சு. ரெண்டு மணிக்கு அடுத்த பாட்டில் கொண்டு போவணும்," என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

மரியபுஷ்பம் கதவைத் திறந்தாள். மேலே பிரீசர் முழுக்க ஐஸ். கீழ்த்தட்டில் பாட்டில்கள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். பதின்மூன்று டிகிரி.

"மேல இம்புட்டு ஐஸ் இருக்கு, கீழ குளிரே இல்லியே?" என்றார் சங்கிலி.

"அந்த ஐஸுதான் குளிரக் கீழ விடல. கம்பளி மாதிரி மூடிக் கெடக்கு."

பிறகு வேல்மயிலிடம் திரும்பினாள். "கதவ எத்தன தடவ திறப்பிய?"

"பால் கெட்டுரக் கூடாதுல்லாக்கா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பாப்பேன். ராத்திரியும் அலாரம் வெச்சுப் பாத்தேன்."

அவள் தலையாட்டிவிட்டு சுவிட்சை அணைத்தாள்.

"ஐயோ! கூலாகலன்னு கூப்பிட்டா அமத்திப் போடுதிய!"

"ஐஸு விழணும் தம்பி. கீழ்வீட்டுல பிரிட்ஜ் இருக்கா?"

"பூட்டிக் கெடக்கு."

பிரீசர் ஓரத்தில் உதிரியாக இருந்த ஐஸ்தூளைக் கையாலேயே வழித்து ஒரு குண்டானில் போட்டாள். ஒன்பது பாட்டிலையும் அதில் புதைத்து, ஈரத்துண்டால் மூடினாள். "அரை மணி நேரம் தாங்கும்," என்றாள். வெந்நீர் ஊற்றிய ஒரு கிண்ணத்தை பிரீசருக்குள் வைத்தாள். அப்புறம் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"அண்ணாச்சி, இதப் பிடிங்க. நான் அடுத்த வெந்நி வெச்சுட்டு வாரேன்."

ஒரு மாதத்துக்கு அப்புறம் திருப்புளி. சங்கிலி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரை மணி நேரம் போனது. ஐஸ் அசையவில்லை. குண்டானில் ஐஸ்தூள் தண்ணீராகிக்கொண்டிருந்தது. வேல்மயில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தான்.

"ஏழு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தான். "ஒம்பது. ஒம்பது ஆயிட்டு வே!"

சங்கிலி பிரீசருக்குள் குனிந்து பார்த்தார். ஐஸுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கீறல் விட்டிருந்தது. திருப்புளி முனை கச்சிதமாக உள்ளே போகும். ஒரே நெம்பு. பாளம் அப்படியே கையோடு வந்துவிடும். வராமலும் போகலாம்.

"கையில சாமான வெச்சுக்கிட்டு என்ன வே வேடிக்க பாக்கீரு? ஒரு நெம்பு நெம்பும்!"

"விழுந்துரும் தம்பி. பொறும்."

"ஒம்ம பிள்ளையா இருந்தா பொறுப்பீரா?"

சங்கிலியின் கை தானாக எழுந்தது. முனை கீறலைத் தொட்டது. போன மாதம் கேட்ட அந்த உஸ் சத்தம் காதுக்குள் கேட்டது. கையைக் கீழே இறக்கினார்.

வேல்மயில் பாய்ந்து பிடுங்க வந்தான். சங்கிலி திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நெம்பிக் கெடுத்தவன் நான், தம்பி. என்னய அடிக்கணும்னா அடிச்சுக்கிடும். இத மட்டும் தரமாட்டேன்."

அடுப்படி வாசலில் மரியபுஷ்பம் வெந்நீரோடு நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாளோ தெரியாது. வந்து கிண்ணத்தை மாற்றினாள். சுவரில் மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

டொப்.

ஒரு பெரிய பாளம் தானாகக் கழன்று விழுந்தது. சங்கிலி வெறுங்கையால் அதை அள்ளினார். உடைத்துக் குண்டானில் போட்டார். அடுத்த பாளம் விழுந்தது, அதற்கடுத்ததும். தெர்மாமீட்டர் ஆறுக்கு இறங்கியது, பிறகு நாலு. வேல்மயில் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

உள்ளே துடைத்து சுவிட்சைப் போட்டார்கள். குண்டானை அப்படியே ஐஸோடு உள்ளே வைத்தார்கள். ஒன்றரை மணிக்குத் தகட்டில் மெல்லிசாக வெள்ளை பூத்தது.

"திறக்கத் திறக்க ஈரக்காத்து போயி ஐஸாப் பிடிக்கும் தம்பி. ரெண்டு மணிக்கு ஒரு பாட்டில் எடுங்க. அப்புறம் அடுத்த வேளைக்குத் திறந்தாப் போதும்."

"நடுவுல பாக்கணும்னு தோணுமேக்கா?"

"தோணுச்சுன்னா கதவுல கைய வெச்சுக்கிடுங்க."

அவன் அப்போதே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

தெருவுக்கு இறங்கியதும் சங்கிலி திருப்புளியைத் துணியால் துடைத்து அவளிடம் கொடுத்தார். வாளி அவர் கையில் இருந்தது. மனுஷனுக்கு வருத்தம் தாங்கவில்லை.

"ஒரு ஸ்க்ரூவக்கூட கழத்தல மாஸ்டர். இன்னைக்கும் வெறும் வாளிதான். எப்பம்தான் எங்கையில திருப்புளி குடுப்பிய?"

மரியபுஷ்பம் அதைப் பையில் போடாமல் அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"இவ்வளவு நேரமும் யாரு கையில இருந்துது அண்ணாச்சி?"