நாலு சில்லும் இழுக்கிற வண்டி

கனடாவின் வடக்கே ஓர் ஏரிக்கரை ஊரில் பரமலிங்கம் உணவகம் நடத்தினார். அங்கே பாத்திரம் கழுவியவள் தவமலர். ஸ்னோ கொட்டிய ஒரு மத்தியானம், கல்யாண வீட்டுச் சாப்பாட்டைத் தன் புது வண்டியில் ஏற்றிவிட்டு அவளையும் ஏறச் சொன்னார்.

"நாலு சில்லும் இழுக்கிற வண்டி. உம்மட தகரக் காருக்கு இழுக்கிறது முன்சில்லு ரெண்டுதானே?"

தவமலர் குனிந்து டயரைத் தடவினாள். "இது கோடை டயர், முதலாளி, ஸ்னோவில வழுக்கும். நான் என்ர காரிலயே வாறன்."

"பிந்தி வந்தால் வேலை இல்லை!" என்று சீறிவிட்டுப் போனார்.

அவள் மெல்லப் பின்தொடர்ந்தாள். ஏரிக்கரை இறக்கத்தில் பாதை வளைந்தது. அவருடைய வண்டிச் சக்கரத் தடம் வளையவில்லை. நேரே வெண்மைக்குள் போய் மறைந்திருந்தது. காரை நிறுத்தி இறங்கினாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு உறைந்த ஏரி, அடியில் யாரோ கிடப்பதுபோல நீளமாய் முனகியது. ஏரியின் மேல், பனிப்புகாருக்குள் அவருடைய வண்டியின் இரண்டு சிவப்பு விளக்குகள் அசையாமல் எரிந்தன. பரமலிங்கம் கதவைத் திறந்து இறங்கினார்.

"முதலாளி, எழும்பி நடக்காதேங்கோ, ஐஸ் உடையும்! படுத்து ஊர்ந்து வாங்கோ!"

அவர் கரையைத் தொட்டதும் முனகல் நின்றது. விளக்குகள் எரிந்தபடியே ஐசுக்கு அடியில் இறங்கின.

அவளுடைய காருக்குள் நடுங்கியபடி கேட்டார்: "இது எப்பிடி அந்த இறக்கத்தில நிண்டது?"

"இழுக்கிறது ரெண்டுதான், முதலாளி. நிக்கிறதுக்கு நாலிலயும் குளிர்கால டயர் போட்டிருக்கிறன்."